காற்றுக்குழாய்

மீன்தொட்டி வருவதற்கு வெகுநாள் முன்பே அதற்கான இடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கூடத்துத் தரையில் சிவப்பு டேப்பை ஒட்டி ஒரு நீள்சதுரம் போட்டு வைத்திருந்தார் திருச்செல்வம். நீளம் ஐந்தடி, அகலம் இரண்டடி. சோபாவுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவில் அது கிடந்தது. தனலெட்சுமி கூட்டும்போது அதன் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போவாள். வெறும் தரைதான். ஆனாலும் அதற்குள் கால்வைக்க அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஒரு நாள் விடிகாலை அவசரத்தில் விற்பனைக்குக் கட்டிய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலக் கூடையைக் கொண்டுவந்து அதற்குள் இறக்கிவிட்டாள்.

"ஏய் தனம், கடலுக்கு நடுவுல கூடைய எறக்கிட்ட. சம்பல் எல்லாம் கரிக்கப் போவுது லா," என்றார் அவர், சோபாவில் படுத்தபடியே.

அவள் கூடையை எடுக்காமல் அப்படியே நின்றாள். சிறுநீரகம் போனதிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது.

துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். நீள லோரியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் நுழைத்துவிடுவார் என்று கூட்டாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். சர்க்கரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி பிற்பகல்களில் ரெங்கசாமியின் வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். டயலிசிஸ் சென்டரில் நான்கு மணி நேரம் கையில் ஊசியோடு சாய்ந்திருந்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்புவார். சோபாவில் விழுந்தால் மறுநாள்தான் எழுவார். பேச்சில்லை. மகள் மாதவி ஜொகூரிலிருந்து போன் செய்தால் "ம்" என்பார், தனத்திடம் நீட்டிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹாரன் அடித்தும் அவர் எழவில்லை. "வரல. போவச் சொல்லு" என்றார். வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குத் தவித்து, ஆம்புலன்சில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், தமிழ்ப் பெண், தனத்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஆன்டி, அங்கிள் ஒழுங்கா வந்தா இன்னும் பல வருஷம் ஓட்டலாம். வரமாட்டேன்னு அவரே முடிவு எடுத்துட்டா, கட்டி இழுத்துட்டு வர்ற உரிமை எங்களுக்கு இல்ல. உங்களுக்கும் இல்ல."

அந்த 'உங்களுக்கும் இல்ல' அவளோடு வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. தேங்காய்ப்பால் பிழியும்போதும், வாழையிலையை வாட்டும்போதும், அவருக்கான கீரையை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி மறுபடி வேகவைக்கும்போதும் கூடவே இருந்தது. வேனின் ஹாரனுக்கும் சோபாவின் கிறீச்சுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. வாரம் மூன்று முறை அந்த இடைவெளியில் அவள் உயிர் போய்த் திரும்பியது.

இப்படி இருந்தபோதுதான் சென்டரில் பக்கத்து நாற்காலிச் சீனக் கிழவர் ஒருவர் தன் போனில் அவருக்கு ஒரு படம் காட்டியிருக்கிறார். கிழவரின் வீட்டுத் தொட்டி. நீல விளக்கில் பவளங்கள் விரலை நீட்டி நீட்டி அசைந்துகொண்டிருந்தனவாம். அன்று இருட்டி வந்தவர் சோபாவில் விழவில்லை. "தனம், அந்த செவப்பு டேப்பு எங்க?" என்று கேட்டார்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு தொட்டியைப் பற்றித்தான். அவருடைய போன் ஓயாமல் யாரோ ஒரு வெள்ளைக்காரன் குரலில் பேசிக்கொண்டிருந்தது.

"சின்னதா ஒண்ணு வாங்குனா என்னங்க? நமக்கு எதுக்கு அம்மாம் பெருசு?"

"சின்னதுலதான் தனம் ஆபத்து. தண்ணி கொஞ்சமா இருந்தா ஒரே ஒரு தப்பு பண்ணாலும் எல்லாம் போச்சு. பெருசு தப்ப தாங்கும்."

"காசு தாங்குமா?"

"அதத்தான யோசிச்சிக்கிட்டே இருக்கேன்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிறாரே என்று அவளுக்கு அதுவே பெரிதாக இருந்தது. "எதுல மிச்சம் புடிக்கலாம், எதுல கூடாதுன்னு இருக்கு. வெளக்கு சைனா மால் போதும். தொட்டி செகண்ட் ஹேண்ட். கீழ கேபினெட்டுக்குள்ள ஒரு சின்ன தொட்டி வரும், அழுக்குத் தண்ணி அங்க எறங்கி சுத்தமாயி மேல ஏறணும். அத நானே கண்ணாடி ஒட்டி செஞ்சிருவேன். பம்ப் இருக்கு பாரு, அதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வெளக்கு கெட்டா நாளைக்கு மாத்திக்கலாம். பம்ப் நின்னா அன்னிக்கே கத முடிஞ்சிரும்."

பிரிக்பீல்ட்ஸில் பர்வேஸ் என்பவரின் மீன் கடை இருந்தது. டயலிசிஸ் இல்லாத நாள்களில் இருவரும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் போவார்கள். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம், அவர் நடைக்கு அரைமணி. வழியில் இரண்டு இடத்தில் உட்காருவார். மூன்று கோப்பைக்கு மேல் ஒரு நாளைக்குத் தண்ணீர் கூடாது என்பதால் தனம் ஃபிளாஸ்கில் ஐஸ் கட்டிகள் கொண்டுபோவாள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அந்தக் கடையின் தொட்டிகளுக்கு முன்னால் ஆசை தீர நிற்பார்.

"அண்ணே, பவளம் வளக்குறதும் ரெண்டாங் கல்யாணமும் ஒண்ணுதான்," என்றார் பர்வேஸ் முதல் நாளே. "வீட்டுக்காரம்மா சம்மதம் எழுத்துல வேணும். அக்கா, என்ன சொல்றீங்க?"

"எழுத்தெல்லாம் கெடயாது பாய். மீன் செத்துச்சின்னா கொழம்பு வெச்சிருவேன், அவ்ளோதான்," என்றாள் தனம்.

பர்வேஸ் கடையே அதிரச் சிரித்தார். திருச்செல்வமும் சிரித்தார். அவர் பல் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே அவள் மீனுக்குப் போடும் ஒரு பாசிப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி வாசிப்பதுபோல் நின்றாள்.

"தண்ணிய குளுர வெக்குற சில்லர் இல்லாம நம்ம ஊரு சூட்டுக்கு முடியாது அண்ணே. தண்ணி முப்பத தாண்டிச்சின்னா பவளம் வெளுத்துரும்."

"சில்லர் வெல தொட்டி வெலய விட மேல போவுதே பாய். ஃபேன் வெச்சா?"

"ஃபேன் வெச்சா ரெண்டு மூணு டிகிரி எறங்கும். ஆனா தண்ணி ஆவியா போவும். ஒரு நாளைக்கு ஒரு வாளி நல்ல தண்ணி தூக்கி ஊத்தணும். தெனமும். நீங்க தூக்க முடியாது. ஊத்த ஆள் இருக்கா?"

"நான் இருக்கேன்," என்றாள் தனம்.

அவளை யாரும் கேட்கவில்லை. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. அந்த 'நான் இருக்கேன்' என்ற சொல்லை ஒன்றரை வருடமாக அவரிடம் சொல்லத்தான் அவள் வழி தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அதை ஒரு மீன் கடைக்காரரிடம், ஒரு வாளித் தண்ணீருக்காகச் சொல்லியிருக்கிறாள்.

சுபாங் ஜெயாவில், ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குக் குடிபோகிற ஒருவரிடம் தொட்டி கிடைத்தது. பர்வேஸின் லோரியில் ஏற்றி வந்து, நாலு பேர் தம் பிடித்து, சிவப்பு டேப்புக்குள் சரியாக இறக்கினார்கள். திருச்செல்வம் சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டி "வலது… இன்னும்… ரிவர்ஸ்… ஸ்டாப்!" என்று கத்தினார், துறைமுகத்தில் கத்துவதைப் போல.

உப்பைக் கரைத்தார்கள். கல் அடுக்கினார்கள். ஒரு மாதம் வெறும் தண்ணீரும் கல்லும்தான். பிறகு ஒவ்வொன்றாக உயிர்கள் வந்தன. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு சின்ன மீன். விரல் நீளப் பவளத் துண்டுகள். முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் ஒரு சிவப்பு இறால். அந்த இறால், மீன்களின் செவுளை எல்லாம் சுத்தம் செய்யும் சாதி. ஊசி குத்தாத வலக்கையை அவர் தண்ணீருக்குள் வைத்தால் மீசையை ஆட்டிக்கொண்டு ஏறிவந்து நகக்கண்ணில் இருப்பதைப் பொறுக்கித் தின்னும்.

"இவருதான் டாக்டரு," என்பார். "ஊசி போடாத டாக்டரு. கையப் பாத்தாருன்னா காசு கேக்க மாட்டாரு."

அவர் சென்டருக்குப் போன பிற்பகல்களில் தனம் தனியே அதன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். முதலில் பம்பின் ரீங்காரம் அவளுக்குப் பொறாமையைத்தான் கொடுத்தது. இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவள் செய்ய முடியாததை ஒரு இறால் செய்துவிட்டதே என்று இருந்தது. பிறகு அது தேய்ந்துபோயிற்று. வாளியைத் தூக்கி ஊற்றும்போது மீன்கள் அவள் கைக்கு அடியில் வந்து நிற்கத் தொடங்கின. வேன் வருவதற்கு முன்பே அவர் ஸ்வெட்டரும் போர்வையும் வைத்த பையோடு வாசலில் உட்கார்ந்திருக்கத் தொடங்கினார். போகும்போது "ரெண்டு மணிக்கு ஊத்து, மறந்துறாத" என்பார். ஹாரனுக்கும் சோபாவுக்கும் நடுவில் இருந்த அந்த இடைவெளி எப்போது காணாமல்போனது என்று அவள் கவனிக்கக்கூட இல்லை.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. தண்ணீரின் பி.எச். அளவு ஏற மறுத்தது. பவளங்கள் வளராமல் முரண்டு பிடித்தன. சுற்றுவட்டாரத்தில் டெங்கி என்று வீட்டை எந்நேரமும் அடைத்தே வைத்திருந்தார்கள். அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார் அவர்.

"நாம விடுற மூச்சு வீட்டுக்குள்ளயே சுத்துது. ஸ்கிம்மர் அந்தக் கெட்ட காத்தத்தான் இழுத்து தண்ணில விடுது."

ஸ்கிம்மர் என்பது கேபினெட்டுக்குள் நிற்கிற ஒரு குழல். காற்றை உறிஞ்சிப் பொடிப்பொடிக் குமிழாக்கி, அந்த நுரையாலேயே தண்ணீரின் அழுக்கை வழித்தெடுக்கும். கெட்ட காற்றை வடிகட்ட ஒரு மருந்துப்பொடி உண்டாம். மாதாமாதம் வாங்க வேண்டும். அவர் கணக்குப் போட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்ல காத்து வேணும்னா ஒரு டியூப வெளிய வுடுங்களேன்," என்றாள் தனம், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே. "அஸ்ட்ரோ வயரு போன ஓட்ட சும்மாதான கெடக்கு."

அந்த அஸ்ட்ரோ டிவி இணைப்பைச் செலவு மிச்சம் என்று நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. சுவரில் அந்த ஓட்டை மட்டும் இருந்தது, நேராகப் பக்கத்துச் சந்தில் அவளுடைய கறிவேப்பிலைச் செடிக்கு மேலே. திருச்செல்வம் அவளையே பார்த்தார். பிறகு தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார்.

"ஏய் இஞ்சினியரு! வெள்ளக்காரன் ஒரு மணி நேரம் பேசுறான் இதுக்கு. நீ கத்திரிக்காய நறுக்கிக்கிட்டே சொல்லிட்டியே லா!"

அன்றே குழாய் வெளியே போனது. பூச்சி நுழையாமலிருக்க வெளிமுனையில் பழைய கொசுவலைத் துண்டை வைத்து நூலால் கட்டியவளும் அவள்தான். ஒரு வாரத்தில் அளவு ஏறியது. பர்வேஸுக்குப் போன் போட்டு, "என் பொண்டாட்டி ஐடியா பாய்," என்று அவர் சொன்னதை அவள் சமையலறையிலிருந்து கேட்டாள். அடுப்பைச் சிறியதாக்கிவிட்டு இன்னொரு தடவை சொல்கிறாரா என்று காத்திருந்தாள்.

பிறகு பக்கத்து வீட்டு முத்து பீவியின் மகள் ஷிரீனுக்குக் காய்ச்சல் கண்டது. பெட்டாலிங் ஜெயாவில் வேலைபார்க்கிற பெண். மூன்றாம் நாள் டெங்கி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாளே தீவிரப் பிரிவுக்கு மாற்றினார்கள். தெருவில் டெங்கி என்றால் கொசு மருந்துப் புகையடிக்க ஆள் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். எப்போது வருவார்கள் என்றுதான் தெரியாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தார்கள். அவர் சென்டரில் இருந்தார். தனம் மறுநாளைக்கு நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் மெஷின் உறுமுவது கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"என்னங்க, பொகை அடிக்க வந்துட்டாங்க."

அந்தப் பக்கம் டயலிசிஸ் மெஷின்கள் மாறி மாறிக் கூவிக்கொண்டிருந்தன. "உள்ள வுடாத," என்றார் உடனே. "அந்த மருந்து ஒரு சொட்டு போதும். கால்ல வுழுந்தாவது நிறுத்து. கறுப்பு பிளாஸ்டிக்க தொட்டி மேல போட்டு மூடு. சுத்தி ஈரத்துணி வெய்யி. ஃபேன நிறுத்து. கதவு, ஜன்னல், எல்லாத்தயும் அட."

"ஸ்கிம்மர நிறுத்தவா?"

அவர் யோசித்தார். மூச்சு வாங்குவது கேட்டது. "வேணாம். ஓடட்டும். மேல மூடிட்டா அதுங்களுக்கு மூச்சு எப்பிடி? கேபினெட் கதவ சாத்தி டேப்பு ஒட்டிரு."

"சரிங்க."

"தனம், டாக்டர…" என்று தொடங்கினார். அதற்குள் ஒரு நர்ஸின் குரல் குறுக்கிட்டது. "அங்கிள், பிரஷர் எறங்குது. போன வைங்க, படுங்க."

அவர் சொன்னதை எல்லாம் அவள் சொன்னபடி செய்தாள். அதே சிவப்பு டேப் சுருளால் கேபினெட் கதவின் விளிம்பை ஒட்டினாள். வாசற்கதவின் அடியில் துண்டை நனைத்துத் திணித்துவிட்டு வெளியே வந்தாள். சுகாதாரத் துறைச் சீருடையில் ஓர் இளம்பெண், தமிழ்ப் பெண்தான், கையில் அட்டையோடு நின்றாள்.

"ஆன்டி, ஜன்னல தொறந்து வுடுங்க. உள்ளயும் அடிக்கணும்."

"உள்ள வேணாம்மா. என் வீட்டுக்காரரு டயலிசிஸ்…"

"அது ஒண்ணும் செய்யாது ஆன்டி. அர மணி நேரம் கழிச்சு போனா போதும்."

"தொட்டி இருக்கும்மா. மீனு. இறாலு." சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. "அவரு உசுரே அதுலதான்மா இருக்கு. கெஞ்சிக் கேக்குறேன்."

பக்கத்துக் கேட்டில் முத்து பீவி நின்றிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்; புகைக்காக அல்ல. "என் மவளுக்கு பிளேட்லெட் பதினஞ்சாயிரத்துக்கு எறங்கிருச்சி," என்றாள், தனத்தைப் பார்க்காமல். "இவ இறாலுக்கு அழுவுறா."

ஷிரீன் குழந்தையாகத் தன் வீட்டுத் தரையில் தவழ்ந்த முழங்கால்கள் தனத்துக்கு நினைவுக்கு வந்தன. ஆனால் கையை எடுக்கவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். அட்டைக்காரப் பெண் ஒருத்தி முகத்தையும் இன்னொருத்தி முகத்தையும் பார்த்தாள்.

"சரி ஆன்டி. இது டெங்கி கேஸ் வந்த வீடு இல்லதான. உங்க வீட்டுக்கு வெளிய மட்டும் அடிக்கச் சொல்றேன்."

ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது தனத்துக்கு. தெருவில் எல்லாரோடும் தள்ளி நின்றாள். டீசல் நாற்றத்தோடு வெள்ளைப் புகை பொங்கி வந்தது. மெஷின்காரன் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்தான். புகை அங்கே போக இடமில்லாமல் சுவரோடு சுவராக ஏறி நின்றது. அவள் அந்தச் சந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கறிவேப்பிலையில் எல்லாம் மருந்து பட்டுவிட்டதே, ஒரு வாரத்துக்குப் பறிக்க முடியாதே' என்று நினைத்துக்கொண்டாள்.

அரைமணி கழித்துக் கதவைத் திறந்தாள். ஈரத்துண்டை எடுத்தாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். வீட்டுக்குள் நெத்திலி வாசம் மட்டும்தான். துளி மருந்து நாற்றம் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் வந்ததும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்தபடி, மண்டியிட்டுக் கேபினெட் கதவின் டேப்பை உரித்தாள்.

டீசல் நாற்றம் உள்ளேயிருந்து வந்தது.

ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. ஸ்கிம்மர் நுரைத்துக்கொண்டிருந்தது. அதன் தலையிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாய் கேபினெட்டின் முதுகு வழியாக மேலே ஏறி, சுவரோரமாக ஓடி, அஸ்ட்ரோ ஓட்டைக்குள் நுழைந்து மறைந்தது. அவள் கண் அந்தக் குழாயோடு போய், ஓட்டையில் நின்றது. அந்தப் பக்கம் சந்து. கறிவேப்பிலை.

குழாயைப் பிடுங்கினாள். பிளாஸ்டிக்கை இழுத்து எறிந்தாள். இறால் கல்லின் அடியில் மல்லாந்து கிடந்து, கால்களை எதையோ எண்ணுவதுபோல் அசைத்துக்கொண்டிருந்தது. கையை விட்டாள். அது ஏறவில்லை. உள்ளங்கையில் எடுத்து வைத்தாள். இரண்டு தடவை துள்ளியது. அவ்வளவுதான்.

பர்வேஸ் போனில், "யா அல்லாஹ்," என்றார். "கரி போடுங்கக்கா, கரி, அது மருந்த உறிஞ்சும். கரைச்சு வெச்சிருக்குற உப்புத் தண்ணி எல்லாத்தயும் ஊத்தி மாத்துங்க. எவ்ளோ இருக்கு?"

"ஒரு பீப்பா."

"சரி, ஊத்துங்க," என்றார் அவர், மெதுவாக.

வாளி வாளியாக எடுத்துக் கொட்டினாள். வாளி வாளியாக ஊற்றினாள். புடவை முழங்கால் வரை உப்பாகிவிட்டது. பீப்பா காலியானபோது தொட்டியில் நாலில் ஒரு பங்குகூட மாறியிருக்கவில்லை. மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பவளங்கள் தம்மை உள்ளிழுத்துக்கொண்டு வெறும் கட்டைகளாகிவிட்டன.

வேன் வந்து நின்றது. ரெங்கசாமி கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டுப் போனார். தரையெல்லாம் தண்ணீர், வாளிகள், ஈரத்துணிகள். நடுவில் அவள். திருச்செல்வம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வுடலங்க," என்றாள் தனம். "வெளிய மட்டும்தான் அடிச்சாங்க. நீங்க சொன்னத எல்லாம் செஞ்சேன். டியூப்… டியூப் வெளிய இருந்துச்சி."

அவர் சுவரோரமாக நடந்தார். ஓட்டைக்குப் பக்கத்தில் தொங்கிய குழாயை விரலால் தொட்டார். அப்படியே அதைத் தடவிக்கொண்டு கேபினெட் வரை வந்தார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டாள். என் பொண்டாட்டி ஐடியா என்று சொன்னவர் அதே வாயால் ஒரு தடவை கத்திவிட்டால் அழுது தீர்த்துவிடலாம்.

"நான்தான ஸ்கிம்மர் ஓடட்டும்னேன்," என்றார். சோபாவில் போய் விழுந்தார்.

புதன்கிழமை மீன்களும் மிதந்தன. பவளங்களிலிருந்து கோழைபோல் ஒன்று வடிந்தது. தனம் வலையால் எடுத்தாள். கொழம்பு வைப்பேன் என்று பர்வேஸிடம் சொன்னது நினைவுக்கு வந்து, குப்பையில் போட மனமில்லாமல், கறிவேப்பிலைச் செடிக்கு அடியில் குழி தோண்டிப் புதைத்தாள். அப்போது சந்தின் அந்தப் பக்கத்திலிருந்து முத்து பீவி கூப்பிட்டாள். ஷிரீனுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிட்டதாம். "அல்லா காப்பாத்திட்டான்," என்றாள். பிறகு தனத்தின் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். "நேத்து என்னமோ ஒளறிட்டேன் தனம். பெத்த வயிறு."

"நீ சரியாத்தான் சொன்ன பீவி," என்றாள் தனம். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள். ஷிரீன் பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தை வைக்க உள்ளே இடம்தான் கிடைக்கவில்லை.

அன்று மகள் போன் செய்தபோது அவர் "ம்" என்றார். போனை நீட்டினார்.

வியாழன் பிற்பகல் தனம் ஸ்வெட்டரையும் போர்வையையும் பையில் வைத்து, பையை சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் தொட்டியைப் பார்த்துப் படுத்திருந்தார். கல்லும் தண்ணீரும் நீல விளக்கும் மட்டும் இருந்தன. பம்ப் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணிரு தனம். எல்லாத்தயும்."

"பர்வேஸ் பாய் சொன்னாரு, கல்லுல இருக்குற நல்ல கிருமி இன்னும் உசுரோட இருக்கலாமாம். கரி போட்டு, தண்ணிய மாத்தி, பம்ப் ஓடிக்கிட்டே இருந்தா நாலஞ்சு மாசத்துல மறுபடியும்…"

"மறுபடியும் எதுக்கு? சும்மா ஓடிக்கிட்டு கெடக்கு. எதுக்கு ஓடுறோம்னு அதுக்கே தெரியாது. ஆஃப் பண்ணு."

வாசலில் ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை.

அந்த இடைவெளி திரும்பி வந்துவிட்டது. தனம் அதற்குள் நின்றாள். கட்டி இழுக்க உனக்கும் உரிமை இல்லை. கைகள் இரண்டும் சும்மா தொங்கின.

"நீங்க வேன்ல ஏறுங்க. நான் ஆஃப் பண்றேன்," என்றாள்.

"நீ பண்ணு. நான் ஏறுறேன்."

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு ரிங்கிட்டுக்குக்கூட அவள் இப்படிப் பேரம் பேசியதில்லை. மறுபடியும் ஹாரன். "செல்வண்ணே! இன்னும் மேக்கப் முடியலயா? மத்தவங்கள்லாம் காத்திருக்காங்க லா!" என்று ரெங்கசாமி கத்தினார்.

அவள் மண்டியிட்டாள். விளக்கின் சுவிட்சை அழுத்தினாள். நீலம் போய் கூடம் சாதாரணக் கூடமானது. ஃபேன். அலை உண்டாக்குகிற மோட்டார். கடைசியாகப் பெரிய பம்ப்பும் ஸ்கிம்மரும் இருக்கிற சுவிட்ச். அதில் விரலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். அவர் அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தினாள். தண்ணீர் குழாய்களுக்குள் கொடகொடவென்று இறங்கியது. பிறகு எதுவும் இல்லை. அந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதையே அவள் மறந்திருந்தாள். சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கியது.

சோபா கிறீச்சிட்டது. அவர் எழுந்தார். பையை எடுத்துக்கொண்டார். இரண்டு மணிக்கு ஊற்று என்று சொல்லவில்லை. சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, கேட்டைப் பிடித்து, வேனில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சை மட்டும் காப்பாற்றிவிட்டார்.

வேன் தெருமுனையில் திரும்பும்வரை தனம் அசையவில்லை. இன்றைக்குப் போய்விட்டார். சனிக்கிழமைக்கு அவளிடம் கொடுக்க என்ன இருக்கிறது? நிறுத்துவதற்கு இந்த வீட்டில் இனி எதுவுமில்லை.

சுவிட்சின் மேலேயே இருந்த விரலை மறுபடி அழுத்தினாள். பம்ப் இருமியது, திணறியது, தண்ணீரை மேலே ஏற்றத் தொடங்கியது. மற்ற சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டாள். இருட்டி அவர் திரும்பும்போது கேட்டிலேயே இந்தச் சத்தம் கேட்டுவிடும். ஏமாற்றிவிட்டாயே என்று கத்துவார். கத்தட்டும். கத்த வேண்டும் என்றால் உட்கார வேண்டும். ஒருவேளை கத்தாமலும் போகலாம். சோபாவில் விழுந்து கண்ணை மூடிக்கொள்ளலாம். அது அவளுக்குத் தெரியவில்லை.

ஃபேன் ஓடியதில் நேற்றிலிருந்தே தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மணி இரண்டு தாண்டிவிட்டது. வாளியை எடுத்துக்கொண்டு அவள் தண்ணீர் பிடிக்கப் போனாள்.